பந்துவீச்சுக்கும் ஒரு சரித்திரக் கோடு வேண்டும்

2024ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதாக ரவிச்சந்திரன் அஸ்வின் அறிவித்தபோது, பதின்மூன்று வருஷ காலம் அவர் பட்ட பிரயாசை முழுவதும் பத்திரிகைகளில் ஒரு சிறு கட்டத்துக்குள் அடங்கிவிட்டது: 106 டெஸ்ட் ஆட்டங்கள், 537 விக்கெட்டுகள், சராசரி 24.00. இந்த எண்களில் பிழை ஒன்றும் இல்லை. அவற்றின் பெருமையையும் நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆயினும் அவற்றைப் படித்து முடித்த வாசகர், அந்த மனிதர் எந்தக் காலத்தில் தளர்ந்தார், தளர்ந்தவர் எவ்வாறு எழுந்தார், எத்தனை வருஷம் உச்சியில் நிலைத்து நின்றார் என்ற கேள்விகளில் ஒன்றுக்கேனும் அக்கட்டத்திலிருந்து விடை பெற முடியாது. பந்துவீச்சாளர் ஒருவருடைய தகுதியை ஒற்றை எண்ணால் நிர்ணயித்துவிடும் பழக்கத்தை விட்டு, வருஷக்கணக்கில் ஏறியும் இறங்கியும் செல்லும் ஒரு கோடாக அதனை வரைந்து, அவர் ஆடிய காலத்தின் கோட்டை அதன் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பழக்கத்தை நாம் மேற்கொள்ள வேண்டும் என்பதும், அது சேப்பாக்கத்துப் பெரிய ஆட்டங்களோடு நின்றுவிடாமல் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமத்து ஆட்டங்களுக்கும் வர வேண்டும் என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

அஸ்வினுடைய கோட்டையே முதலில் வரைந்து பார்ப்போம். 2011ஆம் ஆண்டு நவம்பரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அவர் ஆடிய முதல் தொடரில் 22 விக்கெட்டுகள், சராசரி 22.90. உடனே ஆஸ்திரேலியா சென்றார். அங்கே ஒன்பது விக்கெட்டுகள்தாம் கிடைத்தன, ஒவ்வொன்றுக்கும் 62.77 ரன்கள் கொடுக்க நேர்ந்தது. 2012இல் நியூஸிலாந்து அணி இங்கு வந்தபோது இரண்டே ஆட்டங்களில் 18 விக்கெட்டுகளைச் சாய்த்துச் சராசரியை 13.11க்குக் கொண்டுவந்தவர், அதே வருஷத்தின் கடைசியில் இங்கிலாந்து அணி வந்தபோது 52.64க்கு ஏறிப்போனார். சில மாதங்களில் ஆஸ்திரேலியர் வந்தனர். 29 விக்கெட்டுகள், சராசரி 20.10. அந்த 2013ஆம் ஆண்டு முடிவதற்குள் ஜோகன்னஸ்பர்க் மைதானத்தில் 42 ஓவர்கள் வீசி, 108 ரன்கள் கொடுத்து, ஒரு விக்கெட்டும் இல்லாமல் திரும்பினார். அதற்குப் பின் 2014 ஆகஸ்ட் வரையில் அவருக்கு டெஸ்ட் அணியில் இடமில்லை. அப்படி வெளியே உட்கார்ந்திருந்தவர்தாம் 2015இல் தென்னாப்பிரிக்கர் இங்கு வந்தபோது, விக்கெட்டுக்கு 11.12 ரன்கள் என்ற வியக்கத்தக்க சராசரியில் 31 பேரை வெளியேற்றினார். 2021இல் இங்கிலாந்துக்கு எதிராக 14.71 சராசரியில் 32 விக்கெட்டுகளைப் பெற்றதோடு, அத்தொடரில் தம் சொந்த ஊரின் சேப்பாக்கத்தில் சதமும் அடித்தார். இறுதியாக, 2024இல் நியூஸிலாந்திடம் மூன்று ஆட்டங்களிலும் இந்தியா தோற்றபோது, அவருடைய கோடு 41.22க்கு ஏறி நின்றது. இத்தனை வீழ்ச்சியும் எழுச்சியும் சேர்ந்து கலந்ததன் பெயர்தான் 24.00. அந்தக் கலவையை மட்டும் காட்டி மனிதரை விளக்கிவிட்டதாக நினைப்பது, நம் ஏரியின் பத்து வருஷத்துச் சராசரி நீர்மட்டம் இத்தனை அடி என்று சொல்லிவிட்டு, எந்த வருஷம் கலங்கல் போயிற்று, எந்த வருஷம் தரை வெடித்துக் கிடந்தது என்ற விவரத்தை ஆயக்கட்டு விவசாயிக்குச் சொல்லாமல் மறைப்பதற்குச் சமானம்.

வாழ்நாள் சராசரிக்கு மற்றொரு குறையும் உண்டு. வருஷங்கள் ஏற ஏற அது அசைய மறுக்கிறது. ஏற்கெனவே 500 விக்கெட்டுகளை 12,000 ரன்களுக்கு எடுத்திருக்கும் ஒருவர், ஓர் ஆட்டத்தில் 100 ரன்கள் கொடுத்து விக்கெட் ஒன்றும் பெறாமற்போனாலும், அவருடைய சராசரி 24.0 என்பதிலிருந்து 24.2 என்பதற்குத்தான் நகரும்; அவருடைய தோளும் விரலும் அன்றைக்கு எவ்வளவு களைத்திருந்தன என்பது அந்தச் சிறு நகர்வில் யாருக்கும் புலப்படாது. ஆகையால் இத்துறையில் பழகியவர்கள், கடைசியாக ஆடிய பத்து ஆட்டங்களை மட்டும் கூட்டி ஒரு சராசரி எடுத்து ஒரு புள்ளி வைக்கிறார்கள். அடுத்த ஆட்டம் முடிந்ததும் பழைய ஆட்டம் ஒன்றைத் தள்ளிப் புதியதைச் சேர்த்து அடுத்த புள்ளியை வைக்கிறார்கள். நகரும் சராசரி என்று கணித ஆசிரியர்கள் சொல்லும் இந்த எளிய உபாயத்தால், ஒரு நாளைய அதிர்ஷ்டமும் ஒரு நாளைய துரதிர்ஷ்டமும் அடங்கி, மனிதருடைய உண்மையான போக்கு காகிதத்தின்மேல் பிரத்தியட்சமாகத் தெரிகிறது.

ஒரு நாளைய கீர்த்தி எவ்வளவு தூரம் நம்மை மயக்க வல்லது என்பதற்குச் சேப்பாக்கமே சாட்சி. 1988ஆம் ஆண்டு ஜனவரியில், நரேந்திர ஹிர்வானி என்ற இளைஞர் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே, அக்காலத்தில் உலகையே ஆண்டுகொண்டிருந்த மேற்கிந்தியத் தீவினருக்கு எதிராக, 136 ரன்களுக்கு 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். முதல் நான்கு ஆட்டங்களில் 36 விக்கெட்டுகள் அவருக்குக் கிடைத்தன. பிறகு ஆடிய பதின்மூன்று ஆட்டங்களிலும் சேர்த்துக் கிடைத்தவை 30. இதற்கு நேர் எதிரான சித்திரத்தைத் தருகிறவர் கண்டியில் பிறந்த தமிழராகிய முத்தையா முரளிதரன். 1992இல் டெஸ்ட் ஆட்டத்துக்கு வந்த அவர் முதல் சில வருஷங்கள் முப்பதை ஒட்டிய சராசரியோடுதான் உழைத்தார். 1998 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் 16 விக்கெட்டுகளைப் பெற்று இங்கிலாந்தைத் தோற்கடித்த காலத்தை ஒட்டி அவருடைய கோடு இறங்கத் தொடங்கிற்று. 2006ஆம் ஆண்டில் மட்டும் பதினோரு ஆட்டங்களில், 16.90 என்ற சராசரியில், 90 விக்கெட்டுகளை அவர் குவித்தார். 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டோடு விடைபெற்ற அந்த மாமேதையின் முதல் நான்கு வருஷங்களை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதியிருந்தால், உலகம் அவரை எவ்வளவு சாதாரணமாக மதிப்பிட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இளம் பந்துவீச்சாளர் ஒருவரை ஒரு பருவத்துத் தோல்விக்காக ஒதுக்கும் ஒவ்வொரு தேர்வாளரும் முரளிதரனின் கோட்டையும் ஹிர்வானியின் கோட்டையும் அருகருகே வரைந்து வைத்துக்கொண்டு, அதன் பின்னரே முடிவு செய்யட்டும்.

மனிதனின் கோடு மட்டும் போதாது. காலத்தின் கோடும் வேண்டும். ஐ.பி.எல். ஆட்டங்கள் தொடங்கிய 2008இல் ஓர் ஓவருக்கு அடிக்கப்பட்ட ரன்கள் சராசரியாக எட்டைச் சற்றே தாண்டியிருந்தன. 2024இல் ஒன்பதரையை எட்டிவிட்டன. ஓவருக்கு எட்டு ரன்கள் கொடுத்தவர் முன்னதில் சாதாரணமானவர், பின்னதில் அணியைத் தாங்கிப் பிடித்தவர். எண் ஒன்றுதான், ஆனால் அதன் அர்த்தம் தலைகீழாக மாறிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், மழை நனைத்த ஆடுகளங்களை மூடிக் காக்கும் வழக்கம் இல்லாத நாட்களில், இங்கிலாந்தின் ஜார்ஜ் லோமன் 112 டெஸ்ட் விக்கெட்டுகளை விக்கெட்டுக்கு 10.75 ரன்கள் வீதம் எடுத்தார் என்று படிக்கும்போது, அந்தக் களத்தின் இயல்பைச் சேர்த்துப் படிக்காவிட்டால், பின்னால் வந்த அத்தனை பேரையும் சிறியவர்களாக எண்ணும் அநீதியைச் செய்துவிடுவோம்.

இந்த ஞானத்தை மிகவும் பரிபக்குவமாக வளர்த்தவர்கள் அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தைச் சார்ந்தவர்கள். அவர்களுடைய கணக்குக்கு விதை போட்டதோ நம்முடைய கிரிக்கெட்தான்: இங்கிலாந்தில் 1824இல் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா சென்று, கிரிக்கெட் நிருபராக இருந்த ஹென்றி சாட்விக் என்பவர்தாம் கிரிக்கெட்டின் ஸ்கோர் அட்டையை முன்மாதிரியாகக் கொண்டு பேஸ்பாலுக்குரிய ஆட்டப் பட்டியலை அமைத்துக் கொடுத்தார். அங்கே பந்தெறிபவரை, ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் தம் பொறுப்பில் எத்தனை ரன்கள் விட்டார் என்ற கணக்கால் அளக்கிறார்கள். 1968ஆம் ஆண்டில் பாப் கிப்ஸன் என்பவரின் அளவு 1.12. அந்த வருஷத்தில் பந்தெறிபவர்களின் ஆதிக்கம் அளவு மீறிப்போனதால், 1969 முதல் அவர்கள் நின்று எறியும் மேட்டின் உயரத்தைப் பதினைந்து அங்குலத்திலிருந்து பத்து அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் பெட்ரோ மார்ட்டினெஸ் என்பவரின் அளவு 1.74. வெறும் எண்களை ஒப்பிட்டால் கிப்ஸனே மேலானவர் என்று தோன்றும். ஆனால் 1968இல் கிப்ஸனுடைய லீகின் பொது அளவு மூன்றுக்குச் சற்றே கீழே இருந்தது. 2000இல் மார்ட்டினெஸின் லீகிலோ ஏறத்தாழ ஐந்து. இருவரும் தம் காலத்தின் அளவில் மூன்றில் ஒரு பங்கைச் சிறிதே மிஞ்சிய நிலையில் சமமாக நிற்பதை, நீண்ட காலத்துக் கோட்டின்மேல் அவ்விருவரின் புள்ளிகளையும் வைத்துப் பார்க்கும் ஒருவர் கண நேரத்தில் அறிந்துகொள்கிறார். ஆடும் சட்டம் மாறிய வருஷம், களம் மாறிய வருஷம், பந்து மாறிய வருஷம் ஆகியவை எல்லாம் அந்தக் கோட்டில் தம் அடையாளத்தைப் பதித்துச் செல்கின்றன.

இத்தகைய வரைபடத்தை வரைவதற்குச் சில தர்மங்கள் உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் ப்ளேஃபேர் 1786இல் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளைக் கோடுகளாக வரைந்து புத்தகமாக வெளியிட்ட நாள் முதல், ஏறும் கோடு வளர்ச்சியைக் குறிக்கிறது என்று பார்வை பழகிவிட்டது; பந்துவீச்சுச் சராசரியிலோ இறங்குவதே சிறப்பு. ஆகவே செங்குத்து அச்சைத் தலைகீழாக அமைத்துச் சிறப்பு மேலே தெரியும்படி செய்யலாம். அல்லது இறக்கமே நன்மை என்பதைக் கோட்டின் பக்கத்திலேயே தெளிவாக எழுதிவிடலாம். அச்சின் ஒரு சிறு பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கினால், இரண்டு ரன் வித்தியாசம் மலைபோல் தோன்றி வாசகரை ஏமாற்றும். பத்து ஓவர்கள் வீசியவருக்கும் நூறு ஓவர்கள் வீசியவருக்கும் ஒரே அளவில் புள்ளி வைப்பது நியாயமன்று. வீசிய ஓவர்களுக்கு ஏற்பப் புள்ளியைப் பெரிதாகவும் சிறிதாகவும் இட்டால், எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். காயத்தால் ஆடாத மாதங்களை இடைவெளியாகவே விட வேண்டும். அவற்றின் குறுக்கே கோட்டை இழுத்து ஒட்டவைப்பது உண்மைக்கு விரோதம்.

கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய கலையைக் காகிதத்தில் அடைத்தால் ரசனை கெட்டுவிடும் என்று ஆட்சேபிக்கிற பெரியவர்கள் உண்டு. அவர்களுடைய அனுபவத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்; பந்து கையை விட்டுப் புறப்படும் அழகை எந்தக் கோடும் காட்டாது என்பது சத்தியம். ஆனால் கண்ணுக்கு ஞாபகம் குறுகியது. அது நேற்றைய சிக்ஸரையும் போன வாரத்து ஹாட்ரிக்கையும் வைத்துக்கொண்டு மூன்று வருஷத்து உழைப்பை மறந்துவிடும் இயல்புடையது. செல்வாக்குள்ளவரின் பிள்ளையைப் பார்க்கும் கண்ணும், செருப்பில்லாமல் ஓடிவந்து பந்து போடும் கூலிக்காரர் மகனைப் பார்க்கும் கண்ணும் எப்பொழுதும் ஒரே கண்ணாக இருப்பதில்லை என்பதையும் நாம் அறிவோம். எழுதிவைத்த கணக்கோ தராதரம் பார்ப்பதில்லை. ஏழைக்கு அதுவே ஆதாரச் சீட்டு.

இங்கேதான் எங்கள் உத்திரமேரூருக்கு ஒரு கடமை இருப்பதாக நான் கருதுகிறேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும், இவ்வூர்ச் சபையின் ஏற்பாடுகள் கல்லில் வெட்டப்பட்டன. குடவோலை முறைக்காக உலகம் அவற்றைக் கொண்டாடுகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரத் தகுதியற்றவர் என்று அவை விதித்திருப்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. கணக்கு வைப்பதையும் அதனைக் காட்டுவதையும் பொதுவாழ்வின் முதல் தகுதியாக வைத்த ஊரில், ஆட்டக் கணக்கு மட்டும் எவ்வாறு கேட்பாரற்றுப் போகலாம்? அறுவடை முடிந்த வயல்களிலும், கோடையில் வற்றிய ஏரியின் உள்வாயிலும், பொங்கலை ஒட்டி நடக்கும் டோர்னமென்ட்களிலும் எத்தனையோ பையன்கள் டென்னிஸ் பந்தால் அற்புதமாக ஓவர் போடுகிறார்கள். நாற்பது பக்க நோட்டில் யாரோ ஒருவர் ஸ்கோர் எழுதுகிறார். கோப்பை கொடுத்து முடித்தவுடன் அந்த நோட்டு எங்கே போகிறது என்று கேட்பார் இல்லை. அதோடு ஒரு பையனுடைய ஒரு வருஷமும் போய்விடுகிறது.

எழுதிவைத்ததன் பயனுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி சேப்பாக்கத்தில் நடந்த ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், சென்னை அணியின் ஏ. ஜி. ராம்சிங் மைசூர் அணியின் 11 விக்கெட்டுகளை 35 ரன்களுக்கு வீழ்த்தியதையும், ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டதையும், தொண்ணூறு வருஷம் கழித்து நாம் ஐயமறச் சொல்ல முடிகிறது. அன்று யாரோ கருத்தாக எழுதினார், பின்வந்தோர் காத்தார்கள். எழுதாததன் நஷ்டத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த தங்கராசு நடராஜன், டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகி, பிறகு சென்னை லீக் ஆட்டங்களுக்கு ஏறிவந்து, 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக ஆடினார். அவர் சென்னைக்கு வந்த பின்னர் உள்ள ஓவர்கள் கணக்கில் நிற்கின்றன. அவரை உருவாக்கிய கிராமத்து ஓவர்களோ கோட்டின் தொடக்கத்தில் ஒரு வெற்றிடமாகவே நிற்கின்றன. அந்த வெற்றிடம் நிரம்பியிருந்தால், ஒரு யார்க்கர் எப்படி வளர்கிறது என்ற பாடம் பின்வரும் நூறு பையன்களுக்குக் கிடைத்திருக்கும்.

மற்றொரு நன்மையும் இதில் இருக்கிறது; அதனை நான் எல்லாவற்றிலும் முக்கியமாக மதிக்கிறேன். வேகமாகப் பந்து வீசும் வளர்ந்துவரும் பிள்ளைகளுக்கு, அளவுக்கு மீறிய உழைப்பினால் முதுகெலும்பிலும் தோளிலும் காயம் உண்டாகிறது. ஆகையால்தான் கிரிக்கெட் முன்னேறிய நாடுகளில் இளையோர் ஒரு நாளைக்கு இத்தனை ஓவர்களுக்கு மேல் வீசக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் கிராமத்தில் நன்றாகப் பந்து போடுகிற பையன் ஒருவன் காலையில் ஒரு டீமுக்கும் மாலையில் பக்கத்து ஊர் டீமுக்கும் ஓடுகிறான். ஞாயிற்றுக்கிழமை அவன் எத்தனை ஓவர் போட்டான் என்பதை அவன் தாய்கூட அறியாள். வாரந்தோறும் வீசிய ஓவர்களை ஒரு கோடாக வரைந்து வைத்திருந்தால், அது திடீரென்று உயரும் வாரத்தில், போதும் தம்பி, இந்த ஞாயிறு ஓய்வு எடுத்துக்கொள் என்று சொல்ல ஒரு பெரியவருக்குக் காரணம் கிடைக்கும்.

இதற்கு வேண்டிய செலவு மிகச் சொற்பம். ஒவ்வொரு கிராமத்து அணியும் கெட்டி அட்டை போட்ட ஒரு ஸ்கோர் புத்தகம் வைத்து, ஆட்டத்தின் தேதி, மைதானம், பந்தின் வகை, ஒவ்வொருவரும் வீசிய ஓவர், கொடுத்த ரன், எடுத்த விக்கெட் ஆகியவற்றை எழுதட்டும். பருவம் முடிந்ததும் அதன் நகலை ஊர்ப்புற நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஒப்படைக்கட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் திட்ட விலக்கமும் மாறுபாட்டுக் கெழுவும் படிக்கிறார்கள். பொதுத்தேர்வில் எட்டு மதிப்பெண்ணுக்கு வரைபடம் போடுகிறார்கள். தம் அண்ணன்மார் வீசிய ஓவர்களையே அந்தத் தாளில் வரையும்படி கணித ஆசிரியர்கள் பணித்தால், பாடமும் ஆட்டமும் ஒன்றையொன்று வளர்க்கும். மாவட்டத் தேர்வுக்குப் பையன்களை அழைக்கும் நிர்வாகிகள், ஒரு நாள் வலையில் போட்ட ஆறு பந்துகளோடு நில்லாமல், மூன்று வருஷத்துக் கோட்டையும் கேட்டுப் பார்க்கட்டும். பத்திரிகைகள் ஒரு பந்துவீச்சாளரைப் பற்றி எழுதும்போது, மொத்த எண்ணோடு அவர் நடந்துவந்த பாதையையும், அவர் காலத்தின் பாதையையும் இரண்டு கோடுகளாக அச்சிடட்டும். வரும் தைப் பொங்கல் ஆட்டங்களிலிருந்தே இதனை உத்திரமேரூர் வட்டத்தில் தொடங்கலாம். ஐந்து வருஷம் விடாமல் செய்தால், இந்த வட்டாரத்தில் பந்து வீசும் எந்தப் பிள்ளையும் தன் திறமைக்கு அத்தாட்சி இல்லாமல் ஒரு தேர்வாளரின் முன் நிற்க வேண்டிய அவசியம் இராது.